முன்பாதி சீட்டில் ஓட்டியவர்கள்

1

"உங்கள் லாரியின் டிரைவர் சீட்டைப் படம் எடுத்துக்கொண்டு வாருங்கள்" என்று ஹெலன் சொன்னபோது, இந்த அம்மாவுக்கு வேறு வேலையே இல்லை போலிருக்கிறது என்றுதான் நினைத்தேன். முதுகு வலிக்கிறது என்று போனவனிடம் முதுகைப் பார்க்காமல் சீட்டைப் பார்க்க வேண்டுமாம். ஹெலன் ஒரு கைரோபிராக்டர். முதுகெலும்பு, மூட்டுகளின் பிடிப்பைக் கையாலேயே சரிசெய்கிறவர். இங்கே பெர்த் நகரத்தில் லாரி டிரைவர்கள் நிறையப் பேர் அவரிடம் போகிறார்கள்.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். உட்காரும் மெத்தையின் முன்விளிம்பு நசுங்கித் தேய்ந்து பளபளத்தது. சாய்மானம் மட்டும் கடையிலிருந்து நேற்று வாங்கி வந்ததுபோல் இருந்தது. அழுக்கு இல்லை, வியர்வைக் கறை இல்லை.

"இந்த வண்டி உங்களிடம் வந்து எவ்வளவு காலம் ஆகிறது?"

"அஞ்சாறு வருஷம் ஆகும்."

"அவ்வளவு வருஷத்தில் நீங்கள் ஒரு தடவைகூடச் சாய்ந்து உட்காரவில்லை" என்றார்.

ஊரில் இருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் சங்ககிரிக்காரன். அங்கே லாரி ஓட்டினேன், இங்கேயும் லாரிதான் ஓட்டுகிறேன். என் மனைவி தேவகி மோகனூர்க்காரி. நர்ஸ். அவளுக்குத்தான் இந்த நாடு வேலை கொடுத்துக் கூப்பிட்டது. நான் அவளோடு ஒட்டிக்கொண்டு வந்தவன். இதைச் சொல்ல எனக்கு வெட்கம் ஒன்றும் கிடையாது.

ஒரு காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது தும்மல் வந்தது. தும்மினேன். இடுப்பு பிடித்துக்கொண்டது. குழாயைப் பிடித்தபடி குனிந்த வாக்கிலேயே நின்றேன், நிமிர முடியவில்லை. மலையும் பள்ளமுமாக எத்தனையோ ஆயிரம் மைல் ஓட்டியவனை ஒரு தும்மல் கவிழ்த்துவிட்டது. தேவகி ஓடி வந்து, "ஏனுங்க, அப்படியே நில்லுங்க, அசையாதீங்க" என்று தாங்கிப் பிடித்தாள்.

கெட்ட நேரத்தில் கெட்டது நடக்கும் என்பதற்கு ஏற்ப, கனரக வண்டி லைசென்ஸுக்கான உடல் பரிசோதனையும் அப்போதுதான் வந்தது. இங்கே அது சும்மா பேருக்கு நடப்பதில்லை. குனி என்றார்கள், குந்தி எழு என்றார்கள், குதிகாலில் நட என்றார்கள். எனக்கு உள்ளாடை போடவே தேவகி வேண்டியிருந்த நேரம் அது. டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டு, "சரியானதும் வாருங்கள். அதுவரை வண்டியைத் தொடாதீர்கள்" என்றார். முதுகை ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில் பயப்படும்படி ஒன்றும் இல்லை. தேவகி அதை உறுதி செய்துகொண்ட பிறகுதான் என்னை ஹெலனிடம் போக விட்டாள். "மொதல்ல டாக்டரு. அப்பறம் நீங்க எங்க வேணா போங்க" என்பது அவள் சட்டம்.

2

ஏன் சாயவில்லை என்று ஹெலன் கேட்டார். எனக்கே தெரியவில்லை. அன்று வீட்டுக்குத் திரும்பும் வழியில், பஸ் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருக்கும்போதுதான் பட்டென்று விளங்கியது. பஸ்ஸிலும் நான் முன்விளிம்பில்தான் உட்கார்ந்திருந்தேன்.

என் முதுகுக்குப் பின்னால் காலியாகக் கிடந்தது செங்கோடனுக்காக விட்ட இடம்.

செங்கோடனும் நானும் சங்ககிரியில் ஒரே லாரியின் இரண்டு டிரைவர்கள். பிறகு அவன் என் தங்கை சரஸ்வதியைக் கட்டிக்கொண்டு எனக்கு மாப்பிள்ளையும் ஆனான். வடக்கே லோடு ஏற்றிக்கொண்டு போனால் இருவரும் மாற்றி மாற்றி ஓட்டுவோம். ஒருவன் ஓட்டும்போது மற்றவன் தூங்குவான். சீட் மாற்றுவதற்கு வண்டியை நிறுத்த மாட்டோம். அதுதான் எங்கள் பெருமை. நேர் ரோடு வந்ததும் ஓட்டுகிறவன் ஸ்டியரிங்கை விடாமல் சீட்டின் நுனிக்கு நகர்வான். மாற்ற வருகிறவன் இடது பக்கமிருந்து அவன் முதுகுக்கும் சாய்மானத்துக்கும் நடுவில் புகுந்து உட்காருவான். பின்னால் வந்தவனின் கை ஸ்டியரிங்கைப் பிடிக்கும், வலது கால் ஆக்ஸிலேட்டருக்குப் போகும். உடனே முன்னவன் இடது பக்கமாக வழுக்கி வெளியே வந்துவிடுவான். வண்டியின் வேகம் குறையவே குறையாது.

சுத்தப் பைத்தியக்காரத்தனம். யாரும் செய்துவிடாதீர்கள். ஆனால் அன்றைக்கு நாங்கள் இதைச் சர்க்கஸ்காரர்களைப் போல் செய்தோம். டீக்கடைகளில் எங்களைக் காட்டி, "இவனுக வண்டி டீசலுக்குத்தான் நிக்கும்" என்பார்கள். அதைக் கேட்க எங்களுக்கு அவ்வளவு சந்தோஷம்.

இப்படி மாற்றி மாற்றி, இரண்டு பேரும் எப்போதுமே முன்பாதி சீட்டில்தான் உட்கார்ந்தோம். பின்பாதி மற்றவன் வரும் இடம். கடல் தாண்டி வந்து, தனியாளாக, அதிர்வு தெரியாமல் காற்றில் மிதக்கிற சீட்டில் உட்கார்ந்து ஓட்டியபோதும் என் இடுப்பு அந்தப் பின்பாதியைக் காலியாகவே வைத்திருந்தது.

அடுத்த தடவை ஹெலனிடம் இதை எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் நடித்தே காட்டினேன். அவருடைய நாற்காலியில் அவரை உட்கார வைத்து, பின்னால் நான் புகுவது எப்படி என்று விளக்கப் போய், வரவேற்பறைப் பெண் எட்டிப் பார்க்கும்படி ஆகிவிட்டது. ஹெலன் சிரித்து முடித்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார்.

"அந்த நண்பர் இன்னும் ஓட்டுகிறாரா?"

"ஓட்டுகிறான்."

"அவருடைய முதுகு எப்படி இருக்கிறது?"

எனக்குத் தெரியாது என்று சொன்னேன். போனில் லோடு பற்றிப் பேசியிருக்கிறோம், மழை பற்றிப் பேசியிருக்கிறோம். முதுகைப் பற்றி யார் பேசுகிறார்கள்?

3

வலியைச் சொல்ல இங்கிலீஷ் போதாது என்று இங்கே வந்த எல்லோரும் சொல்வார்கள், நானும் சொல்கிறேன். சுரீர் என்கிறது, விண்விண் என்று தெறிக்கிறது, மதமதவென்று இருக்கிறது, இழுக்கிறது, பிடிக்கிறது, குடைகிறது. எல்லாம் நமக்கு வேறு வேறு. ஹெலனோ, கத்தியைக் கேட்பதுபோல் கூராக இருக்கிறதா மழுங்கலாக இருக்கிறதா என்று கேட்டார். கடைசியில் நான் தமிழிலேயே சொல்லி முகத்தைக் காட்டினேன். அவருக்குப் புரிந்தது. "சுரீர்" என்ற சொல்லை இன்று அவர் என்னைவிட அழகாகச் சொல்கிறார்.

நான் அவரிடம் எதிர்பார்த்ததே வேறு. ஊரில் முடிவெட்டி முடித்ததும் சலூன்காரர் தலையைப் பிடித்து இந்தப் பக்கம் ஒரு திருப்பு, அந்தப் பக்கம் ஒரு திருப்பு திருப்புவார். மடக்கென்று சத்தம் வரும். சொர்க்கம் தெரியும். ஹெலன் அதையே முதுகுக்குச் செய்வார் என்று நினைத்துப் போனேன். அவரும் ஒன்றிரண்டு இடத்தில் அழுத்தினார், சத்தமும் வந்தது. ஆனால் சலூன் கதையைச் சொன்னதும் முகம் மாறிவிட்டது. "இனிமேல் யாரையும் அப்படிக் கழுத்தைத் திருப்ப விடாதீர்கள்" என்றார். "சத்தம் வருவது வைத்தியம் இல்லை. நான் உங்களைத் தொடுகிற நேரம் கொஞ்சம். மற்ற நேரமெல்லாம் உங்கள் முதுகு உங்கள் கையில்தானே இருக்கிறது?"

அந்த மற்ற நேரத்துக்குத்தான் எனக்குப் பாடம் நடந்தது. பின்பாக்கெட்டில் இருந்த மணிபர்ஸ் முதலில் போயிற்று. சோளமூட்டை மாதிரி ஒரு பக்கத்தைத் தூக்கிப் பிடித்திருந்ததாம் அது. கேபினிலிருந்து குதிக்கக் கூடாது, வண்டியைப் பார்த்தபடி கம்பியைப் பிடித்துப் படிப்படியாக இறங்க வேண்டும். வெகுநேரம் ஓட்டிவிட்டு இறங்கியதும் குனிந்து எதையும் தூக்கக் கூடாது. முதலில் வண்டியை ஒரு சுற்று நடக்க வேண்டும், டயரைத் தட்டிப் பார்ப்பது போல நடந்தால் யாரும் சிரிக்க மாட்டார்கள். தூக்கும்போது பொருள் வயிற்றோடு ஒட்டியிருக்க வேண்டும். ஒன்றுக்குப் போக வண்டியை நிறுத்த வேண்டுமே என்று பயந்து தண்ணீர் குடிக்காமல் இருக்கிற டிரைவர் புத்தியை விட வேண்டும். படுக்கையில் இருந்து எழும்போது விருட்டென்று எழாமல் ஒருக்களித்துத் திரும்பிக் கையை ஊன்றி எழ வேண்டும். இதை என் அம்மாவும்தான் சொன்னார். உடனே பார்த்தீர்களா நம் பெரியவர்களை என்று ஆரம்பிக்க மாட்டேன். அம்மா சொல்லியும் நான் கேட்கவில்லை என்பதுதான் இதில் உள்ள செய்தி.

எல்லாவற்றுக்கும் மேலே, சாய வேண்டும். பிட்டம் சீட்டின் கடைசி வரைக்கும் போய்ச் சேர வேண்டும். கேட்கச் சுலபம். முதல் நாள் சாய்ந்தபோது யாரோ ஒருவர் இடத்தைப் பறித்துக்கொண்டதுபோல் எனக்குக் கூச்சமாக இருந்தது.

என் மகள் நிலா காலேஜில் படிக்கிறாள். அவளுக்கு இப்போது தெரிந்த தமிழெல்லாம், சின்ன வயதில் தேவகி அவளைத் திட்டிய தமிழ். "நேரா உக்காரு. கூன் போடாத. குனிஞ்சுட்டே போனப் பாக்காத." மற்ற தமிழெல்லாம் அவளிடமிருந்து நழுவிவிட்டது, இது மட்டும் தங்கிவிட்டது. சாப்பாட்டு மேஜையில் நான் நுனியில் உட்கார்ந்தால், தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே "நேரா உக்காருங்க அப்பா" என்பாள். மகள் தமிழில் பேசுகிறாளே என்பதற்காகவே சில நாள் வேண்டுமென்று நுனியில் உட்கார்ந்திருக்கிறேன்.

ஹெலன் ஒவ்வொரு தடவையும் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "நடக்கும்போது செருப்பு கழன்று விழுகிறதா? விழுந்தது தெரியாமல் போகிறதா?" முதல் தடவை நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. "அப்படி ஆனால் என்னிடம் வராதீர்கள். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். காலுக்குப் போகிற நரம்பு நசுங்குகிறது என்று அர்த்தம். அது என் கைக்கு உட்பட்ட விஷயம் இல்லை" என்றார்.

பரிசோதனையில் தேறினேன். லைசென்ஸ் கிடைத்தது. ஒரு மாத விடுப்பு போட்டுவிட்டு ஊருக்குக் கிளம்பினேன்.

4

"வா மச்சான். என்ன, முதுகுல கம்பி கிம்பி வெச்சு அனுப்பிட்டாங்களா? விறைப்பா நடக்கற" என்றான் செங்கோடன். ஆள் இளைத்திருந்தான். பேச்சு இளைக்கவில்லை.

அவன் இப்போது சொந்த லாரி வைத்திருக்கிறான். இரண்டாவது டிரைவர் கிடையாது. எனக்குக் காட்டுவதற்காகப் படியேறிக் கேபின் கதவைத் திறந்தான். சீட்டின் முன்விளிம்பு கிழிந்து பஞ்சு தெரிந்தது. சாய்மானத்தின் மேல், வண்டி எடுத்த அன்று இருந்த பிளாஸ்டிக் உறை ஒரு கீறல் இல்லாமல் பளபளத்தது.

"பாரு, கவர்கூட இன்னும் பிரிக்கல. எவனாச்சும் இப்படி வண்டி வெச்சிருக்கறானா?"

"ஒரு நாளாச்சும் சாஞ்சிருக்கறயா மாப்ள?"

"சாஞ்சா தூக்கம் வரும். டிரைவரு சாயறதுக்கா சீட்டு?"

"வேற எதுக்கு?"

செங்கோடன் குதித்து இறங்கினான். இறங்கியதும் ஒரு கணம் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். நான் அதைப் பார்த்தேன். நான் பார்த்ததை அவனும் பார்த்தான்.

சாயங்காலம் அவன் குளிக்கப் போனபோது சரஸ்வதி என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"ஏனுங்ணா, ஒண்ணு சொல்றேன், அவருகிட்டச் சொல்லிராதீங்."

"சொல்லு சாமி."

"காத்தால கடைக்குப் போனவரு ஒத்தச் செருப்போட ஊட்டுக்கு வந்தாருங். இன்னொண்ணு எங்கீங்கன்னா, கால்லதான் இருக்குதுங்கறாரு. நான் போயிப் பாத்தா வலது காலுச் செருப்பு ரோட்டுக்கு அக்கட்ட கெடக்குது. இது மொத தடவையில்லீங்."

ஹெலனின் கேள்வி அப்படியே காதில் கேட்டது. செங்கோடனுக்குச் செருப்பு நழுவுவது வலது காலில். பிரேக் மிதிக்கிற கால்.

சாப்பிடும்போது விஷயத்தை எடுத்தேன். சரஸ்வதி சொன்னதாகச் சொல்லவில்லை, நானே நடையைப் பார்த்துக் கண்டுபிடித்ததாகச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவன், "ஆஸ்பத்திரிக்குப் போனா வண்டியத் தொடாதேம்பான். அதுக்குப் போகாமயே இருந்துக்கறேன்" என்றான்.

"உன்ற காலு சரியில்ல மாப்ள. ரோட்டுல குழந்தை குட்டி போகுது."

"லைசென்சு புதுப்பிக்கப் போனப்ப டாக்டரு பாத்தாரே. ஒடம்பு நல்லாத்தான இருக்குதுன்னு கேட்டாரு. நல்லாருக்குதுங்கன்னேன். எழுதிக் குடுத்துட்டாரு. உன்ற ஊரு டாக்டருக்கு இவரு கொறஞ்சவரா?"

எனக்கும் ஊரில் அதே முறையில்தான் கையெழுத்துக் கிடைத்திருக்கிறது. நான் இந்திய லைசென்ஸைக் காலாவதியாக விட்டதே இல்லை. ஊருக்கு வரும்போதெல்லாம் ஆர்.டி.ஓ. ஆபீஸில் போய் நிற்பேன். எதற்கு இந்த வெட்டி வேலை என்று தேவகி ஒவ்வொரு தடவையும் கேட்பாள். எனக்கும் காரணம் சொல்லத் தெரிந்ததில்லை.

"நாளைக்கு நாமக்கல்லுக்கு மக்காச்சோள லோடு. கோழித் தீவன மில்லுக்கு. நீயும் வா. நான் ஓட்டறதப் பாரு, அப்பறம் பேசு" என்றான்.

"நான் ஓட்டறேன், குடு."

"உனக்கு இந்த ரோடெல்லாம் மறந்திருக்கும் போ."

கோபம் வந்தது. அவன் பிடிவாதம் எனக்குப் புதிதில்லை, ஆனால் சரஸ்வதி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றது எனக்குத் தாங்கவில்லை. அவனை ஆஸ்பத்திரியில் சேர்க்காமல் பிளேன் ஏறுவதில்லை என்று முடிவு செய்துகொண்டேன்.

5

காலையில் லாரிப்பேட்டையிலிருந்து கிளம்பினோம். அவன் வழக்கம்போல் நுனியில் உட்கார்ந்தான். நான் இடது பக்கத்தில். திருச்செங்கோடு தாண்டும் வரைக்கும் அவனுடைய ஓட்டத்தில் ஒரு குறையும் சொல்ல முடியவில்லை. அதை அவனும் அடிக்கடி திரும்பிப் பார்த்துக் காட்டிக்கொண்டான்.

பிறகு ஒரு பள்ளிக்கூடத்துக்கு முன்னால் வேகத்தடை வந்தது. செங்கோடன் வேகத்தடை ஏறினால் முட்டை லாரியில்கூட ஒரு முட்டை உடையாது என்பார்கள். அன்று வண்டி வேகம் குறையாமல் ஏறித் தடாலென்று விழுந்தது. மூட்டைகள் பின்னால் முனகின. ரோட்டோரம் யூனிபாரம் போட்ட பிள்ளைகள் போய்க்கொண்டிருந்தார்கள்.

குனிந்து அவன் கால்களைப் பார்த்தேன். இடது காலில் செருப்பு இருந்தது. ஆக்ஸிலேட்டர் மேல் இருந்த வலது கால் வெறுங்கால்.

"மாப்ள, உன்ற வலது கால் செருப்பு எங்க?"

"கால்லதான்" என்றான், ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"பாரு."

குனிந்து பார்த்தான். காலடியில் தேடினான். பேட்டையில் ஏறும்போதே கழன்றிருக்க வேண்டும். அங்கிருந்து இவ்வளவு தூரம் வெறுங்காலால் மிதித்து வந்திருக்கிறான், இரும்பின் சூடோ அதிர்வோ அவனுக்குத் தெரியவில்லை. நிமிர்ந்தபோது அவன் முகத்தில் இருந்த பயத்தை நான் அதற்குமுன் பார்த்ததே இல்லை. எத்தனை மலைப்பாதையில் பிரேக் பிடிக்காமல் வந்திருக்கிறோம், அப்போதும் பார்த்ததில்லை.

நேர் ரோடு வந்தது. ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சீட்டின் நுனிக்கு இன்னும் கொஞ்சம் நகர்ந்தான். முதுகுக்கும் பிளாஸ்டிக் உறைக்கும் நடுவில் ஒரு ஆள் இடம் உண்டாயிற்று.

என் உடம்பு அதை உடனே புரிந்துகொண்டது. பாதி எழுந்தேவிட்டேன். கையும் நீண்டுவிட்டது.

பிறகு உட்கார்ந்தேன்.

"ஓரங்கட்டு மாப்ள."

"என்னைக்கு நாம நிறுத்தி மாத்துனோம்?"

"இன்னைக்கு."

இண்டிகேட்டர் போட்டான். ஒரு புளியமரத்தடியில் வண்டி நின்றது. கதவைத் திறந்து குதிக்கப் போனவனிடம், "வண்டியப் பாத்துட்டு எறங்கு. கம்பியப் புடி. காலு படியில இருக்குதான்னு கண்ணால பாத்துட்டு அடுத்த காலை எடு" என்றேன். சொன்னபடியே இறங்கினான். நானும் இறங்கினேன். வண்டிக்கு முன்னால், ரேடியேட்டர் சூட்டில், இரண்டு பேரும் எதிரெதிரே வந்து நின்றோம். அத்தனை வருஷம் சேர்ந்து ஓட்டியும் நாங்கள் வண்டிக்கு முன்னால் இப்படிச் சந்தித்துக்கொண்டது அதுதான் முதல் தடவை. அவன் தோளை ஒரு தட்டு தட்டிவிட்டுச் சீட்டில் ஏறினேன்.

கடைசி வரைக்கும் தள்ளி உட்கார்ந்து சாய்ந்தேன். பிளாஸ்டிக் சரசரத்தது.

"கவர் கிழிஞ்சிரும், பாத்து" என்றான் இடது பக்கத்திலிருந்து.

"கிழியட்டும்."

"லோடு?"

"கோழி ஒரு வேளை பொறுக்கும்."

6

நாமக்கல்லில் ஒரு ஆஸ்பத்திரி வாசலில், "செருப்பக் கழட்டிட்டு உள்ள வாங்க" என்றார் அங்கிருந்த பெண். செங்கோடன் நின்று, முதலில் ஒரு காலைப் பார்த்தான், பிறகு மற்ற காலைப் பார்த்தான்.

"கொஞ்சம் இருங்கம்மா" என்றான். "இப்பல்லாம் கண்ணால பாத்தாத்தான் தெரியுதுங்க."

என்னிடம் சொல்லாததை, சரஸ்வதியிடம் சொல்லாததை, யாரென்றே தெரியாத அந்தப் பெண்ணிடம் சொன்னான். அந்தப் பெண் உடனே சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தார். நான் சரஸ்வதிக்குப் போன் செய்தேன்.

இன்னும் தள்ளிப் போட்டிருந்தால் காலுக்கு உணர்ச்சி திரும்பியிருக்காது என்றார் டாக்டர். முதுகில் ஆபரேஷன் நடந்தது. நான் பெர்த்துக்குத் திரும்பியபோது அவன் சுவரைப் பிடித்து நடந்துகொண்டிருந்தான். இப்போது பிடிக்காமல் நடக்கிறான். திரும்ப ஓட்டலாமா என்று டாக்டர் இன்னும் சொல்லவில்லை. சொல்லும்வரை வண்டியைத் தொடுவதில்லை என்று சரஸ்வதிக்கு வாக்குக் கொடுத்திருக்கிறான். ஹெலனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என் சீட்டை மறுபடி படம் எடுத்து வரச் சொன்னார். சாய்மானத்தில் இப்போது தோள் உயரத்துக்கு நல்ல வியர்வைக் கறை படிந்திருக்கிறது. அதைப் பார்த்து, பரீட்சையில் மார்க் வாங்கிய பிள்ளையைப் பார்ப்பதுபோல் தலையாட்டினார்.

நேற்று செங்கோடன் கூப்பிட்டான். மழை பற்றிப் பேசினான், லோடு பற்றிப் பேசினான். நானே கேட்பதற்குள், "முதுகு பரவால்ல மச்சான்" என்றான். பிறகு வண்டிப் பேச்சுக்கு வந்தான்.

"வண்டிக்கு ரெண்டு டிரைவர் போட்டிருக்கறேன். ரெண்டும் நல்ல ஓட்டக்காரனுக. ஆனா ஒண்ணு கறாராச் சொல்லிட்டேன்."

"என்ன சொன்ன?"

"சீட்டு மாத்தறதுன்னா வண்டிய நிறுத்தித்தான் மாத்தோணும்னு."